காபியோடு சாக்லேட் பிஸ்காட்டி: ஒன்று சாப்பிடுங்கள், ‘சுகர் ஃப்ரீ’ பாக்கெட்டை விடுங்கள்

கேள்வி: எனக்கு 44 வயது. சமீபத்திய பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) 6.1 என்று வந்தது. மாத்திரை எதுவும் எடுக்கவில்லை. மாலைக் காபியோடு இரண்டு சாக்லேட் பிஸ்காட்டி சாப்பிடுவது பல வருடப் பழக்கம். அடியோடு நிறுத்த வேண்டுமா? தன்னிடம் கிடைக்கும் சர்க்கரை சேர்க்காத பிஸ்காட்டிக்கு மாறினால் எத்தனை வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்கிறார் எங்கள் உணவு ஆலோசகர். நம்பலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம், இரண்டை ஒன்றாக்குங்கள். ஆலோசகர் விற்கும் பாக்கெட்டை வாங்காதீர்கள்.

5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள். இந்த நிலையில் ஒரு பிஸ்காட்டி யாரையும் கவிழ்த்துவிடாது. கணக்கில் வராமல் உள்ளே போகும் இரண்டாவதும் மூன்றாவதும்தான் தொல்லை.

பிஸ்காட்டி என்றால் இத்தாலிய மொழியில் ‘இருமுறை வெந்தது’. மாவை நீளமாக உருட்டி ஒருமுறை சுட்டு, துண்டு போட்டு மறுபடி சுடுவார்கள். இரண்டாவது சூட்டில் ஈரம் போய்விடும். மாவு, சர்க்கரை, கொழுப்பு மூன்றும் அப்படியே இருக்கும். அதனால்தான் மொறுமொறுவென்று, சாப்பிட்டதே தெரியாதபடி இருக்கிறது. இத்தாலியின் பிராட்டோ நகரத்துப் பழைய செய்முறையில் மாவு, சர்க்கரை, முட்டை, பாதாம் இவைதான், வெண்ணெய் கிடையாது. இப்போது கடையில் வருவதில் பெரும்பாலும் வெண்ணெயோ எண்ணெயோ இருக்கும். சாக்லேட்டில் தோய்த்தது என்றால் இன்னும் கூடும்.

சுமார் 30 கிராம் எடையுள்ள ஒரு துண்டில் 120 முதல் 140 கலோரி, 8 முதல் 10 கிராம் சர்க்கரை, அதாவது இரண்டு டீஸ்பூனுக்குச் சற்று மேல். சேர்க்கும் சர்க்கரை நாள் முழுவதற்கும் 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் என்றால் இன்னும் நல்லது என்பது 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இரண்டு பிஸ்காட்டியும் சர்க்கரை போட்ட காபியும் சேர்ந்தால் அந்த 25 மாலையிலேயே தீர்ந்துவிடும்.

சரி, அந்தச் சர்க்கரை சேர்க்காத பாக்கெட். என்னிடம் வந்த ஒருவர் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். முன்பக்கம் பெரிய எழுத்தில் ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’. பின்பக்கம், கண்ணாடி போட்டும் படிக்க முடியாத எழுத்தில், முதலில் மைதா, அடுத்து மால்டிடால் என்ற மாற்று இனிப்பு. ஒரு பரிமாறலுக்கு 70 கலோரி என்று அச்சிட்டிருந்தார்கள். பரிமாறல் என்றால் 15 கிராமாம். சமையலறைத் தராசில் ஒரு துண்டை வைத்தோம், 32 கிராம் காட்டியது. அரைத் துண்டின் கணக்கை எழுதி ஒரு முழுத் துண்டை விற்கிறார்கள். இதை அனுமதிக்கிற லேபிள் விதிகளை நினைத்தால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. பாக்கெட்டை எடுத்ததும் 100 கிராமுக்கான கட்டத்தைப் பாருங்கள், மற்றதை விடுங்கள்.

மைதாவும் குடலில் குளுக்கோஸாகத்தான் மாறும். மால்டிடால் ரத்தச் சர்க்கரையைச் சாதாரணச் சர்க்கரை அளவுக்கு ஏற்றாது, ஆனால் ஏற்றாமல் விடாது. அளவு மீறினால் வயிறு உப்பி, பேதியும் ஆகலாம். ‘எத்தனை வேண்டுமானாலும்’ என்று சொல்பவருக்கு ஒவ்வொரு பாக்கெட்டிலும் லாபம் இருக்கிறது. ஆலோசனை சொல்பவரே பொருளையும் விற்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கோகோ இதயத்துக்கு நல்லது என்ற பேச்சையும் பிஸ்காட்டிக்குக் கொண்டுவர வேண்டாம். ஒரு துண்டில் இருக்கும் கோகோ கொஞ்சம். காரப்பொருள் (ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்திய கோகோவில் அந்த நல்ல சத்து பெரும்பகுதி போயிருக்கும். சுவைக்காகச் சாப்பிடுங்கள், அதுவே போதுமான காரணம்.

ஒரு விஷயம் உங்களுக்குப் பொருந்தாது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். வீட்டில் யாராவது இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய சில வகை மாத்திரைகளோ எடுத்தால், அவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கும்போது சாக்லேட் பிஸ்காட்டியை நீட்டாதீர்கள். இனிப்புதானே என்று தோன்றும். ஆனால் அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்தும், அந்த நேரத்தில் தாமதம் ஆபத்து. 15 கிராம் குளுக்கோஸ், அல்லது ஒரு சிறு டம்ளர் பழச்சாறு கொடுங்கள். 15 நிமிடம் கழித்துப் பரிசோதித்து, இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் மறுபடி கொடுங்கள். மால்டிடால் பிஸ்காட்டி இதற்கு அறவே உதவாது. மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

இனி உங்கள் மாலை. காபியில் சர்க்கரையை நிறுத்துங்கள், இனிப்புக்குப் பிஸ்காட்டி இருக்கிறது. பாதாம் தெரிகிற, சாக்லேட் தோய்க்காத வகையை எடுங்கள். டப்பாவை மேஜைக்குக் கொண்டுவராமல், ஒன்றை மட்டும் தட்டில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். முனையைக் காபியில் நனைத்து ஊறவிட்டுக் கடித்தால் அந்த ஒன்றே பத்து நிமிடம் வரும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை பாருங்கள். 140-க்குக் கீழே இருந்தால் கவலை வேண்டாம். ஹெச்பிஏ1சியை மட்டும் மூன்று மாதம் கழித்துத்தான் பார்க்க வேண்டும், அதற்குள் பார்த்தால் முழு மாற்றம் தெரியாது.