4 நாள் ஊருக்குப் போனால் நாய்க்கு வாக்கர் போதுமா?

தண்டையார்பேட்டை வீட்டில் 9 வயது லேப்ரடார் நாயை விட்டுவிட்டு 4 நாள் மதுரைக் கல்யாணத்துக்குப் போக, அதை நடக்கக் கூட்டிப்போகிற வாக்கர் மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது சார். அவர் காலையும் மாலையும் அரை மணி நேரம் கூட்டிப்போய்விட்டுக் கதவைப் பூட்டிக் கிளம்பிவிடுவார், மீதி நேரம் முழுக்க அது தனியாகத்தான் கிடக்கும், அதன் மூட்டுவலி மாத்திரையைச் சோற்றில் பிசைந்து வைப்பது யார்? காசு கூட ஆனாலும் இரவு தங்குகிற ஆளையே பாருங்கள். வாக்கர் நீங்கள் ஆபீஸ் போகிற நாட்களுக்குச் சரி, அதுவும் வெயில் ஏறுவதற்குள். தார் ரோட்டில் உங்கள் புறங்கையை 7 விநாடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் வெந்துபோகும். அப்புறம், தங்க வருகிறவரை முன்கூட்டியே ஒருநாள் வரவழைத்து, நீங்கள் இருக்கும்போதே சோறு வைக்கச் சொல்லுங்கள். வெறிநாய்த் தடுப்பூசி அட்டை, மாநகராட்சி உரிமத்தின் நகல் இரண்டையும் அவர் கையில் கொடுத்து, அவசரத்துக்கு வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போகச் சொல்லிவையுங்கள்.