பிலடெல்பியா: 6.1 மட்டும் ஏன் வரவில்லை?

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆன்டெனா வைத்து டிவி பார்க்கும்போது, மற்ற சேனல்கள் வந்து 6.1 என்ற சேனல் மட்டும் வரவில்லை என்றால் டிவியில் கோளாறு இருக்காது. ஆன்டெனாதான் அந்த அலைவரிசைக்குப் போதவில்லை.

6.1-ஐ ஒளிபரப்பும் டபிள்யூபிவிஐ நிலையம் முதலில் 64-ஆம் அலைவரிசையில் டிஜிட்டலாக வந்தது. 2009 ஜூன் 12-இல் அனலாக்கை நிறுத்தியதும் பழைய 6-க்கே, அதாவது 82–88 மெகாஹெர்ட்ஸுக்கு, மாறிவிட்டது. அப்போதே பலருக்குப் படம் போய், நிலையம் சக்தியைக் கூட்ட வேண்டியதாயிற்று. இப்போது கடையில் கிடைக்கும் தட்டையான ஆன்டெனாக்கள் பெரும்பாலும் யூஎச்எஃப்-க்குத்தான், அதாவது 6-ஐவிட மிக உயர்ந்த அலைவரிசைகளுக்குத்தான், சரிப்படும்.

பழைய இரட்டைக் கம்பி ஆன்டெனா கிடைத்தால் கம்பிகளை முழுக்க நீட்டி, கிடையாக விரித்து, ஜன்னலோரம் வைத்து மறுபடி ஸ்கேன் செய்து பாருங்கள். ஒவ்வொரு கம்பியும் 85 செ.மீ. அளவுக்கு இருந்தால் நல்லது.

அப்புறம், சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வாங்க அவசரப்படாதீர்கள். பக்கத்தில் எஃப்எம் கோபுரமோ மலிவான எல்இடி பல்போ இருந்தால் அந்த இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.