வக்கீலிடம் உண்மையைச் சொன்னால் மாட்டிக்கொள்வேனா?

கேள்வி: அப்பா பக்கவாதம் வந்து படுத்திருந்தபோது வீட்டையும் கடையையும் என் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதி வைத்தார். அன்று அவருக்கு முழு நினைவு இருந்ததா என்று எனக்கே சந்தேகம். கைநாட்டு வைக்கும்போது விரலை நான்தான் பிடித்துக்கொண்டேன். அப்பா காலமான பிறகு, பத்திரம் செல்லாது, என் பாகத்தைக் கொடு என்று தங்கை வழக்குப் போட்டுவிட்டாள். போன வாரம் சம்மன் வந்தது. அந்தப் பத்திரத்தைத் தயாரித்த எங்கள் குடும்ப வக்கீலையே வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லலாமா? நாளைக்கு அவரைக் கூண்டில் ஏற்றினால் சொல்லிவிடுவாரா? டாக்டருக்கும் ஆடிட்டருக்கும்கூட பாதி விஷயம் தெரியும். அப்பா தெளிவாக இருந்தார் என்று பழைய தேதி போட்டு வேறொரு டாக்டரிடம் சர்டிஃபிகேட் வாங்கிவிடலாம் என்கிறார் மைத்துனர். அதைப் பற்றியும் வக்கீலிடம் பேசலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கொங்கு மண்டலம்

பதில்: போகிற போக்கில் கடைசியாகக் கேட்டிருக்கிறீர்களே, அந்த சர்டிஃபிகேட் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வேண்டவே வேண்டாம். வக்கீலிடம் பேசுவதற்குச் சட்டம் கொடுக்கும் பாதுகாப்பு சரியாக அந்த இடத்தில்தான் அறுந்துபோகிறது.

1872ஆம் வருட இந்திய சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 132ஆம் பிரிவாகியிருக்கிறது. எண் மாறியதே தவிர சாரம் பெரிதாக மாறவில்லை. கட்சிக்காரர் தன் விவகாரமாகச் சொன்னதையும், காட்டிய ஆவணத்தில் பார்த்ததையும், தான் கொடுத்த யோசனையையும் கட்சிக்காரரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வக்கீல் வெளியே சொல்லக்கூடாது. வழக்கு முடிந்தாலும், நீங்கள் வக்கீலை மாற்றினாலும் அந்தக் கடமை தீராது. குமாஸ்தா, மொழிபெயர்ப்பாளர், ஆபீஸில் வேலை செய்பவர்கள் எல்லோரையும் அது கட்டுப்படுத்தும்.

எது ரகசியம், எது இல்லை என்பதற்குச் சட்டத்திலேயே உதாரணங்கள் இருக்கின்றன. ஒருவர் வந்து, "நான் போலிப் பத்திரம் தயாரித்துவிட்டேன், எனக்காக வாதாடுங்கள்" என்கிறார். அது ரகசியம். இன்னொருவர், "இந்தப் போலிப் பத்திரத்தை வைத்து அந்தச் சொத்தை எடுக்க வேண்டும், வழக்குப் போடுங்கள்" என்கிறார். அதற்குப் பாதுகாப்பு இல்லை. மூன்றாவது ஒரு கையாடல் வழக்கு. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது, ஆரம்பத்தில் கணக்குப் புத்தகத்தில் இல்லாத ஒரு பதிவு புதிதாக முளைத்திருப்பதை வக்கீல் கவனிக்கிறார். அதற்கும் பாதுகாப்பு கிடையாது. நடந்து முடிந்ததைச் சொல்லி உதவி கேட்கலாம். இனிமேல் செய்யப்போகும் தப்புக்கு வக்கீலைக் கூட்டுச் சேர்க்க முடியாது. மைத்துனர் சொல்லும் பழைய தேதி சர்டிஃபிகேட் அந்த மூன்றாவது உதாரணத்துக்குப் பக்கத்து வீடு. அதைச் செய்தால், இன்று சிவில் வழக்கில் வெறும் பிரதிவாதியாக இருக்கும் நீங்கள் கிரிமினல் வழக்கில் குற்றவாளியாக நிற்க வேண்டி வரலாம்.

அப்பாவின் விரலைப் பிடித்தது நடந்து முடிந்த விஷயம். அதைத் தாராளமாகச் சொல்லலாம், சொல்லியே ஆக வேண்டும். செட்டில்மெண்ட் பத்திரத்தில் குறைந்தது இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அவர்களில் ஒருவர் குறுக்கு விசாரணையில் அன்று நடந்ததை அப்படியே சொல்லிவிட்டால், உங்கள் வக்கீல் அதை அங்கே வைத்துத்தான் முதல்முறையாகக் கேட்பார். அந்த நிலைமையை எந்த வக்கீலுக்கும் கொண்டுவராதீர்கள். ஒன்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள். உண்மை தெரிந்த வக்கீல் அதை வெளியே விடமாட்டார். அதற்காக நேர் எதிரான பொய்யை உங்கள் பதிலுரையில் எழுதித் தரவும் மாட்டார். அந்த உரையின் கீழே "மேற்கண்டவை உண்மை" என்று கையெழுத்துப் போடப்போவது நீங்கள்தான்.

சரி, குடும்ப வக்கீலிடமே போகலாமா? என் பதில், கூடாது. அவருடைய நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அன்று அவர் உங்கள் வக்கீலாக அங்கே நிற்கவில்லை, அப்பாவின் பத்திரத்தைத் தயாரித்தவராக நின்றார். அப்பா பேசினாரா, தலையாட்டினாரா, யாரை அடையாளம் கண்டுகொண்டார் என்று அவர் கண்ணால் பார்த்தது எதுவும் நீங்கள் நம்பி ஒப்படைத்த ரகசியமாகாது. பத்திரம் எப்படி எழுதப்பட்டது என்று கேட்க தங்கை தரப்பு அவரையே சாட்சியாகக் கூப்பிடலாம். தானே சாட்சியாக நிற்க வேண்டி வரும் என்று நம்பக் காரணமிருக்கும் வழக்கை வக்கீல் எடுக்கக்கூடாது என்று இந்திய பார் கவுன்சில் விதி சொல்கிறது. தங்கை எப்போதாவது இதே விவகாரத்தை அவரிடம் கலந்து பேசியிருந்தால் சிக்கல் இன்னும் கூடும். குடும்ப வக்கீல் என்ற ஏற்பாடு குடும்பம் ஒன்றாக இருக்கும்வரைதான் சௌகரியம்.

தங்கை போலீஸிலும் புகார் கொடுத்தால்? வக்கீலைக் கூப்பிட்டு, "உன் கட்சிக்காரர் என்ன சொன்னார்" என்று விசாரிப்பார்களா? இந்தக் கேள்வி சமீபத்தில் நாடு முழுக்கப் பேசப்பட்டது. 2025 ஜூனில், சென்னைக்காரர்களுக்கு நன்கு தெரிந்த மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தத்தாருக்கும் இன்னொரு மூத்த வழக்கறிஞருக்கும் அமலாக்கத் துறை சம்மன் அனுப்பியது. ஒரு கம்பெனி விவகாரத்தில் சட்டக் கருத்து கொடுத்த தொடர்பில்தான் இந்தச் சம்மன். வழக்கறிஞர் சங்கங்கள் கொதித்தெழுந்ததும் சம்மன் திரும்பப் பெறப்பட்டது. உச்ச நீதிமன்றம் தானாகவே இந்தப் பிரச்சினையைக் கையில் எடுத்து, அக்டோபர் 31 அன்று தீர்ப்பளித்தது. வழக்கு விவரம் தெரிந்துகொள்வதற்காகக் கட்சிக்காரரின் வக்கீலுக்கு விசாரணை அதிகாரி சம்மன் அனுப்பக்கூடாது. மேலே சொன்ன இரண்டாவது, மூன்றாவது உதாரணங்களைப் போல 132ஆம் பிரிவின் விதிவிலக்கில் வருகிறது என்றால், எந்த உண்மையின் அடிப்படையில் என்று சம்மனிலேயே எழுத வேண்டும், எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத மேலதிகாரியின் எழுத்துபூர்வ ஒப்புதலும் வேண்டும். கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் சட்ட ஆலோசகருக்கு 132 பொருந்தாது என்பதும் அதே தீர்ப்புதான். உங்களுக்கு முக்கியமான பகுதி வேறு. கையில் இருக்கும் ஆவணத்தை வக்கீலிடம் கொடுத்துவிட்டால் அது ரகசியமாகிவிடும் என்று நினைக்காதீர்கள். கோர்ட் கேட்டால் காட்டித்தான் ஆக வேண்டும்.

இந்த ரகசியம் வக்கீலின் சொத்தல்ல, உங்களுடையது. அதை அறியாமல் அவிழ்த்துவிடக்கூடியவரும் நீங்கள்தான். இது சொத்து வழக்கு என்பதால் நீங்களே சாட்சி சொல்ல வேண்டி வரும். கூண்டில் ஏறாதவரை, வக்கீலோடு என்ன பேசினீர்கள் என்று உங்களை யாரும் வற்புறுத்த முடியாது. ஏறிய பிறகு, நீங்கள் கொடுத்த சாட்சியத்தை விளக்க அவசியம் என்று கோர்ட் கருதும் அளவுக்கு அதையும் கேட்கலாம். அப்புறம் மைத்துனர். அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதியது, வாய்ஸ் மெசேஜில் புலம்பியது எதற்கும் எந்தப் பாதுகாப்பும் இல்லை. வக்கீல் ஆபீஸுக்கு அவரையும் கூட்டிப்போய் உட்கார வைத்தால், அங்கே பேசியது ரகசியம் என்று பிறகு வாதாடுவது கஷ்டம். தனியாகப் போங்கள். நீங்கள் எங்களுக்கு எழுதிய இந்தக் கடிதமும் எங்கள் ஆபீஸில் நாலு பேர் பிரித்துப் படித்ததுதான். ஊரையும் தொழிலையும் அடையாளம் தெரியாதபடி மாற்றிவிட்டேன், இனி விவரம் எதுவும் எழுதி அனுப்ப வேண்டாம்.

டாக்டரிடமும் வக்கீலிடமும் எதையும் மறைக்கக்கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். சட்டம் இருவரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. நோயாளியின் ரகசியத்தை வெளியிடக்கூடாது என்று 2002ஆம் வருட மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. அதே விதியே நீதிபதி உத்தரவிட்டால் சொல்லலாம் என்கிறது. சாட்சியச் சட்டத்தில் டாக்டருக்கென்று தனிப் பாதுகாப்பு இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தால் அந்தக் கேஸ் ஷீட்டை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், சட்டப்படி கேட்பவர்களுக்கு 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதனால் அப்பாவின் மனநிலை பற்றிய உண்மையான தாள் ஒன்று ஏற்கெனவே எங்கோ ஒரு ரெக்கார்டு ரூமில் இருக்கிறது. மைத்துனர் வாங்கித் தரும் சர்டிஃபிகேட்டை அதன் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள்.

ஆடிட்டர் கதையும் ஏறக்குறைய இதுதான். கட்சிக்காரர் விவரத்தைச் சம்மதமில்லாமல் வெளியிட்டால் 1949ஆம் வருட சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்ஸ் சட்டப்படி அது தொழில் ஒழுங்கீனம். சட்டம் கேட்கும்போது அவர் சொல்லித்தான் ஆக வேண்டும். பத்திர எழுத்தருக்கு 132ஆம் பிரிவின் பாதுகாப்பே கிடையாது.

உங்கள் கேஸைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் எழுதியிருப்பது உண்மையென்றால் கேஸ் பலவீனம்தான். படுத்த படுக்கையாக இருந்த அப்பா, பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட மகன், மொத்தச் சொத்தும் மகனுக்கு. இந்த நிலையில் அப்பாவை நெருக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு பெரும்பாலும் மகன் தலையில்தான் விழும். அதனால் கோர்ட்டோடு சேர்ந்த சமரச மையத்துக்கு அனுப்பச் சொல்லி நீங்களே கேட்கலாம். சமரசத்தில் பேசுவது ரகசியம் என்றும், ஒத்துவராவிட்டால் சமரசர் "முடியவில்லை" என்று மட்டும்தான் கோர்ட்டுக்கு எழுத வேண்டும் என்றும் 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தங்கையிடம் நீங்கள் மனம் விட்டுப் பேசக்கூடிய இடம் அதுதான். வீட்டு முற்றத்தில் பேசினால் நாளை அது சாட்சியம்.

பதிலுரை தாக்கல் செய்ய, சம்மன் கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாள். கோர்ட் மனது வைத்தால் மொத்தம் 90 நாள் வரை நீட்டலாம். பழைய வக்கீலிடம் இன்னும் வக்காலத்தில் கையெழுத்துப் போடவில்லையென்றால் இப்போதே வேறொருவரைப் பாருங்கள். போட்டுவிட்டீர்கள் என்றால் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி, கேஸ் கட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபீஸ் பாக்கியைக் காரணம் காட்டிக் கட்டை அவர் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது என்று 2000ஆம் வருடமே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது.