மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு பாயிண்ட் அண்ட் ஃபிகர் சார்ட் ஒத்துவருமா? எப்படி வரைவது?

தாராளமாக ஒத்துவரும். நாட்களைக் கணக்கில் கொள்ளாமல், விலை ஏறினால் எக்ஸ், இறங்கினால் ஓ என்று பத்தி பத்தியாக வரையும் சார்ட் இது. பங்குக்கு வரைகிற முறையை அப்படியே ஃபண்டுக்குப் போட்டால்தான் சிக்கல். பங்குக்கு அன்றைய உச்ச விலை, தாழ்ந்த விலை இரண்டும் உண்டு. ஃபண்டுக்கு நாளுக்கு ஒரே ஒரு என்ஏவிதான் (ஒரு யூனிட்டின் நிகர மதிப்பு). எனவே மென்பொருளில் 'ஹை-லோ' என்றிருப்பதை முதலில் 'க்ளோஸ்' என்று மாற்றுங்கள்.

பெட்டி அளவு (ஒரு எக்ஸ் அல்லது ஓ குறிக்கும் விலை மாற்றம்) 1, பத்தி திசை திரும்ப 3 பெட்டி என்று வைத்துக்கொள்வோம். என்ஏவி ஏறி 54.90-இல் நிற்கிறது. எக்ஸ் 54 வரைதான். 55-ஐத் தொடாமல் அடுத்த எக்ஸ் கிடையாது. இறக்கம் பதிவாக 51 அல்லது அதற்குக் கீழே வரவேண்டும். 51.10 வந்தாலும் எதுவும் போடக் கூடாது. 50.95 வந்தால் வலப்பக்கம் ஒரு பத்தி தள்ளி 53, 52, 51-இல் ஓ. பிறகு 54-க்கு மீண்டால் அடுத்த பத்தியில் 52, 53, 54-இல் எக்ஸ். அதே பத்தி 55-ஐத் தொட்டால் பழைய உச்சி உடைகிறது. இதுதான் டபுள் டாப் பிரேக்அவுட்.

ஆனால் நிலையான பெட்டி அளவை நான் பரிந்துரைக்க மாட்டேன். என்ஏவி 10 இருக்கும்போது 1 என்பது 10%, 500 இருக்கும்போது வெறும் 0.2%. சதவீதப் பெட்டிதான் சரி. பங்கு ஃபண்டுக்கு 1% அல்லது 2%. 2% வைத்தால் கிட்டத்தட்ட 6% இறங்கினால்தான் பத்தி திரும்பும். கடன் பத்திர ஃபண்டுக்கு 0.25% போல வையுங்கள். மிகக் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் லிக்விட் ஃபண்டுக்கு வரைவதே வீண், ஒரே எக்ஸ் பத்தியாக ஏறிக்கொண்டே போகும்.

அதிகம் பேர் சறுக்கும் இடம் டிவிடெண்ட். முந்தைய நாள் என்ஏவி 50, டிவிடெண்ட் 2.50 என்றால் மறுநாள் 47.50 ஆகிவிடும். யாருக்கும் நஷ்டமில்லை, ஆனால் சார்ட்டில் பொய்யாக ஓ விழும். அந்த நாளுக்கு முந்தைய என்ஏவிகள் எல்லாவற்றையும் 0.95-ஆல் பெருக்கிவிட்டு வரையுங்கள். டிவிடெண்ட் தராமல் லாபத்தை ஃபண்டிலேயே விட்டுவைக்கும் க்ரோத் ஆப்ஷன் இருந்தால் அதன் என்ஏவியை எடுத்தாலே போதும்.

இன்னொன்று, சிக்னல் தெரிவதே அன்றைய என்ஏவி வெளியான பிறகு. உங்கள் ஆர்டருக்கு அடுத்த என்ஏவிதான் கிடைக்கும், ஸ்டாப் லாஸ் (குறிப்பிட்ட விலைக்கு இறங்கினால் தானாக விற்கும் ஆர்டர்) போட வழியில்லை. பெட்டியைச் சிறிதாக்கி அடிக்கடி மாறினால் சீக்கிரம் விற்பதற்குப் பிடிக்கும் எக்ஸிட் லோடே லாபத்தைத் தின்றுவிடும்.

என் பார்வையில் இந்த சார்ட்டின் உண்மையான பலன் ஒப்பீட்டில்தான். என்ஏவியை நிஃப்டி போன்ற சந்தைக் குறியீட்டெண்ணால் வகுத்து, 100-ஆல் பெருக்கி, அந்த விகிதத்தை வரையுங்கள். சந்தையோடு சேர்ந்து விழும் ஃபண்டையும் சந்தையைவிடப் பின்தங்கும் ஃபண்டையும் இது பிரித்துக் காட்டும். குறியீட்டெண் கட்டாயம் டிவிடெண்டையும் சேர்த்துக் கணக்கிடும் டோட்டல் ரிட்டர்ன் வகையாக இருக்க வேண்டும். ஃபண்டு வைத்திருக்கும் பங்குகளின் டிவிடெண்ட் என்ஏவியில் சேர்கிறது, சாதாரணக் குறியீட்டெண்ணில் சேராது. அதோடு ஒப்பிட்டால் திறமையே இல்லாத ஃபண்டுக்கும் எக்ஸ் விழும். இந்த விகித சார்ட்டில் ஓ பத்தி முந்தைய ஓ பத்தியின் அடியை உடைத்தால் உடனே விற்க வேண்டியதில்லை. மேலாளர் மாறினாரா, முதலீட்டுப் பாணி மாறியதா என்று பாருங்கள். அதே வகையிலுள்ள மற்ற ஃபண்டுகளுக்கும் வரைந்து பாருங்கள். அவையும் உடைந்திருந்தால் பலவீனம் அந்த வகைக்கே உரியது.