ஆப்ட் அப்டேட் அடித்தும் மென்பொருள் ஏன் பழசாகவே இருக்கிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை வைத்து உபுண்டு (விண்டோஸ் மாதிரி ஓர் இயங்குதளம்) ஓட்டுவதாகவும், தினமும் ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ (sudo apt update) என்ற கட்டளையை அடித்தும் ஒன்றும் மாறவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மாறாது. எதற்கெல்லாம் புதுப் பதிப்பு வந்திருக்கிறது என்ற பட்டியலை மட்டும்தான் அது இறக்கும். கடைத்தெருவில் விலை விசாரித்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறுகிற மாதிரி. அடுத்து ‘சூடோ ஆப்ட் அப்கிரேட்’ அடித்தால்தான் நிறுவும், அதற்கு முன் எத்தனை எம்பி இறக்கவேண்டும் என்று காட்டிச் சம்மதம் கேட்கும், அந்த எண்ணைப் பார்க்காமல் ‘ஒய்’ தட்டிவிடாதீர்கள், பிரிபெய்ட் டேட்டா கரைவது அங்கேதான். கட்டுப்படி ஆகாதென்றால் பட்டணத்தில் வைஃபை கிடைக்கும் இடத்தில் அதே கட்டளையோடு ‘மைனஸ் டி’ (-d) சேர்த்து இறக்கி மட்டும் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து வெறும் அப்கிரேட் அடிக்கலாம். இறக்கும்போது லைன் அறுந்தால் பயமில்லை, மறுபடி அடித்தால் போதும். நிறுவும்போது லேப்டாப் அணைந்தால்தான் தலைவலி, அதனால் பேட்டரியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) புதுப்பிக்கப்பட்டிருந்தால் ரீஸ்டார்ட் செய்யும்வரை பழையதே ஓடும்.

உங்களுடையது உபுண்டு 20.04 பதிப்பு என்றால் கதை வேறு. எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புக்கு வழக்கமான ஆதரவு 5 ஆண்டு, 20.04-க்கு அது 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. முதலில் கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துவைத்துவிட்டு 22.04-க்கு மாறுங்கள்.