நன்றி யாருக்கு?

கேள்வி: வெள்ளைக்காரர்கள் அன்று கேமராவோடு வந்திருக்காவிட்டால் ஹம்பியும் மதுரையும் எப்படி இருந்தன என்றே நமக்குத் தெரிந்திருக்காது. அவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டாமா?
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: சொல்லலாம். எதற்கு என்று பார்த்துச் சொல்லுங்கள். ஹம்பி விட்டலர் கோயில் கல்தேரை 1856-ல் கிரீன்லா என்ற ராணுவ அதிகாரி மெழுகு பூசிய காகித நெகட்டிவில் படம் எடுத்தார். அதில் தேரின் உச்சியில் செங்கல் கோபுரம் ஒன்று இருக்கிறது. இன்று அது இல்லை. 50 ரூபாய் நோட்டின் பின்பக்கம் நாம் பார்ப்பது உச்சி போன தேர். இந்த ஒரு சாட்சிக்காகவே கிரீன்லாவுக்கு ஒரு கும்பிடு.

மதுரையை 1858-ல் படம் எடுத்த ஆங்கிலேயர் லின்னேயஸ் டிரைப் விஷயத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. அவர் படங்களில் ஆட்கள் அபூர்வம். படம் பதிய நேரம் பிடித்த காலம், நடந்து போகிறவர் பதியமாட்டார், சரி. ஆனால் எகிப்தில் படம் எடுத்த பிரெஞ்சுக்காரர் மாக்சிம் து காம், சிலைகளின் உயரம் தெரிவதற்காகவாவது ஹாஜி இஸ்மாயில் என்ற படகுக்காரரை அசையாமல் நிறுத்தினார். டிரைப்போ வெறும் வானத்துக்கு நெகட்டிவில் மேகம் தீட்டினார். அந்தப் பொறுமையில் கொஞ்சம் மதுரைக்காரர்களுக்கும் கிடைத்திருக்கலாம். அன்றும் பூஜை நடந்துகொண்டிருந்த கோயிலை, கட்டியவர்கள் வாரிசில்லாமல் போன இடம் மாதிரி லண்டனில் பார்த்திருப்பார்கள்.

அதே டிரைப், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, 19 அடி நீளத்துக்குக் கொடுத்தார். அந்தக் கல்வெட்டுகள் நூலாக அச்சேறுவதற்கு 30 வருஷத்துக்கும் முன்பு! நாம் என்ன செய்தோம்? திருப்பணி என்று சொல்லி எத்தனையோ கோயில்களில் மணலைப் பீய்ச்சிக் கல்லைத் தேய்த்து, எழுத்தை மழுக்கினோம். இதை முன்பு இதே பக்கத்தில் எழுதியதற்குத் திருப்பணிக் கமிட்டிக்காரர்கள் சிலர் என்னோடு பேச்சையே விட்டுவிட்டார்கள். விடட்டும். எழுத்து போனால் ஊர் ஏரிக்கு மடை வைத்தவன் பேரும் போச்சு, கோயில் விளக்கு நெய்க்காக ஆடு கொடுத்தவள் பேரும் போச்சு.

உங்கள் ஊர்க் கோயிலில் சாரம் கட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் உடனே போய்க் கல்வெட்டுச் சுவரை வரிசையாக செல்போனில் எடுத்துவிடுங்கள். பக்கவாட்டில் வெயில் விழும் நேரமாகப் பாருங்கள். உச்சி வெயிலில் எழுத்து தெரியாது.