கல்யாணப் படம் எடுக்க எந்த பிளாஷ்: பழைய கேனன் 580இஎக்ஸ் 2 அல்லது புதிய கோடாக்ஸ் வி860 3?

இந்த இரண்டில் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேமரா கேனன் 1500டி என்கிறீர்கள். அப்படியானால் முதலில் அதன் ஹாட் ஷூவை, அதாவது மேலே பிளாஷ் மாட்டும் இடத்தைப் பாருங்கள். நடுவில் இருக்க வேண்டிய பெரிய முனை இருக்காது. 1500டி, 3000டி, 200டி மார்க் 2 ஆகியவற்றில் கேனன் அதை எடுத்துவிட்டது (யாருக்கு என்ன லாபம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை). அந்த ஒற்றை முனையை நம்பி வேலை செய்யும் விலை குறைந்த மேனுவல் பிளாஷ்களும் (ஒளி அளவை நாமே வைக்க வேண்டியவை), டிரிக்கர்களும் (தள்ளி வைத்த பிளாஷை எரியவைக்கும் கருவிகள்) இவற்றில் வேலை செய்யவே செய்யாது. நீங்கள் கேட்ட இரண்டும் அந்த ரகம் இல்லை.

இந்த இரண்டில், வெளிச்சத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். 2007இல் வந்த 580இஎக்ஸ் 2இன் கைடு நம்பர் (பிளாஷின் சக்தியைச் சொல்லும் எண்) 58, வி860க்கு 60. முன்னது 105 மி.மீ. ஜூமில் அளந்தது, பின்னது 200 மி.மீ.யில். ஜூம் கூடினால் ஒளி குவிந்து எண்ணும் கூடும் என்பதால், பழையது சளைத்ததல்ல.

புதியதற்குக் கொடுக்கும் காசு பேட்டரிக்கும், தள்ளியிருந்தே பிளாஷை எரியவைக்கும் ரேடியோவுக்கும்தான். 580இஎக்ஸ் 2இல் நான்கு பென் டார்ச் செல்கள். முழு சக்தியில் ஒருமுறை அடித்தால் மறுபடி தயாராகச் சில நொடிகள் ஆகும். செல் இறங்க இறங்க இன்னும் நீளும். கெட்டிமேளம் கொட்டும்போது அந்தச் சில நொடிகள் ஒரு யுகம். லித்தியம் பேட்டரியுள்ள வி860 ஒன்றரை நொடியில் தயாராகிவிடும். கேமராவிலிருந்து கழற்றித் தனியாக வைக்கும்போது பழையது ஒளி சமிக்ஞையை நம்பியிருக்கிறது. நடுவில் மண்டபத் தூணோ மாமாவோ வந்துவிட்டால் எரியாது. ரேடியோவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் லித்தியம் பேட்டரி தீர்ந்தால் பெட்டிக்கடையில் கிடைக்காது. கையில் இன்னொன்று இல்லாமல் கிளம்பாதீர்கள்.

முகூர்த்தம் எடுப்பவருக்கு என் ஓட்டு வி860க்கே. வீட்டு விசேஷங்களுக்கு மட்டும் என்றால், பாதி விலைக்குள் கிடைத்தால் 580இஎக்ஸ் 2 தாராளமாகப் போதும். வாங்கும்முன் முழு சக்தியில் பத்துமுறை அடித்துப் பாருங்கள். முன்கண்ணாடி பழுப்பேறியிருந்தால் நிறைய உழைத்த பிளாஷ். செல் அறையில் பச்சைப் பூப்பு இருந்தால் செல் கசிந்திருக்கிறது. ஜூம் மோட்டார் கரகரக்கக் கூடாது. நெடுநாள் சும்மா கிடந்ததென்றால் மின்தேக்கி (பிளாஷுக்கான மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்) சோர்ந்திருக்கும். முதல் சில தடவை மெதுவாகத்தான் ஏறும். அதற்குப் பிறகும் வேகம் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

பரணில் கிடக்கும் விவிட்டார் 283 போன்ற பிலிம் காலத்து பிளாஷை எந்த டிஜிட்டல் கேமராவிலும் சோதிக்காமல் மாட்டாதீர்கள். ஆரம்பகால 283 சிலவற்றில் டிரிக்கர் வோல்டேஜ், அதாவது ஹாட் ஷூ வழியாகக் கேமராவுக்குள் வரும் மின்னழுத்தம், 200 வோல்ட்டைத் தாண்டும்; கேமரா கெட்டுப்போகலாம். மல்டிமீட்டர் வைத்து அளந்தால் தெரிந்துவிடும்.